கடைசியில் தூவிய மாத்திரை

நவம்பர் 3, திங்கள்

உடம்பை அடித்துத் துவைத்துப் பிழிந்து போட்டாற்போல் இருக்கிறது. ஜுரம். தொண்டையில் முள். நேற்று சீர்காழிக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்த ஒரு மாமா, குனிந்து விசாரிக்கப் போன என் முகத்துக்கு நேராக வரிசையாகத் தும்மிவிட்டு, "பாயசம் இன்னொரு கரண்டி" என்றார். போட்டேன். அவர் எனக்குப் போட்டது இது.

இந்த நேரத்திலா வரவேண்டும்? 27ஆம் தேதி அபிராமிக்குக் கல்யாணம். சொந்தப் பெண் கல்யாணத்துச் சமையலை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு மேடையில் லட்சணமாக உட்காரச் சொல்கிறது ஊர். கொடுப்பேனா? மாயவரம் பஞ்சாபகேசன் பெண் கல்யாணத்தில் இன்னொருத்தன் கரண்டி பிடித்தான் என்று நாளைக்குப் பேசமாட்டார்களா? அதுவும் சம்பந்தி யார்? கும்பகோணம் வாஞ்சிநாதன். முப்பது வருஷமாக எனக்குப் போட்டியாகக் கல்யாணம் பிடிக்கும் சமையல்காரர். அவர் பிள்ளையும் என் பெண்ணும் சென்னையில் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒருவரையொருவர் பார்த்து, எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேடையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் குறை சொல்வது உலக வழக்கம். இங்கே சம்பந்திக்கு அது தொழிலும்கூட.

நிச்சயதார்த்தத்திலிருந்து அவரை நான் "நீர்" என்று சொல்லக்கூடாது, "நீங்கள்" என்று சொல்ல வேண்டுமாம். ஜுரத்துக்கு அதுதான் காரணமோ என்னவோ.

நவம்பர் 4, செவ்வாய்

ஆத்துக்காரி கோமளா விடாப்பிடியாக டாக்டர் ஜெபமணியிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூக்கில் குச்சியை விட்டுக் குடைந்து, "ஃப்ளூதான் சார், இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிச்சிருங்க" என்று சீட்டு எழுதினார்.

வீட்டுக்கு வந்தால் அபியின் போன்.

"அப்பா, மாத்திரை வாங்கியாச்சா? இப்பவே போட்டுக்கோ. ஜுரம் வந்து ரெண்டு நாளைக்குள்ள ஆரம்பிச்சாத்தான் முழுப் பிரயோஜனம். தள்ளிப் போட்டா வைரஸ் தன் வேலையை முடிச்சுண்டு போயிடும். உனக்கு மூக்கு முக்கியம்ப்பா."

அவள் வேலை என்ன தெரியுமோ? எலிகளுக்கு ஃப்ளூ வரவழைப்பது. சில எலிகளுக்கு உடனே மருந்து, சிலவற்றுக்கு நாள் கழித்து மருந்து. அப்புறம் அதுகளின் மூக்குச் சவ்வை மெல்லிசாக நறுக்கிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. உடனே மருந்து கிடைத்த எலியின் மூக்குச் சவ்வு பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறதாம். தாமதமாகக் கிடைத்தது உரிந்த சுவர் மாதிரி ஆகிவிடுகிறதாம். எலிக்கு ஜலதோஷம் பிடித்தால் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளம்! படிக்க வைத்தது நான்தான், யாரைக் குறை சொல்ல?

மூக்கு முக்கியம் என்றாள், அது மட்டும் நிஜம். ஸ்வாமிக்கு நைவேத்யம் ஆகாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் சமையல்கட்டு நியமம். மற்ற சமையல்காரர்கள் இப்போதெல்லாம் கரண்டியால் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறார்கள். நான் ஒரு நாளும் செய்ததில்லை. அண்டாவிலிருந்து வரும் ஆவியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை முகர்வேன். "தண்டபாணி, இன்னும் ஒரு கை உப்பு" என்பேன். முடிந்தது. என் பந்தியில் மோர் ஓடுகிற ஓட்டம் தஞ்சாவூர் ஜில்லாவில் வேறெங்கும் கிடையாது. கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். சாப்பாடு ருசித்தால்தான் மோர் இறங்கும்.

மாத்திரை வந்துவிட்டது. ஆனால் இந்தப் படித்தவர்களுக்குப் பக்குவம் தெரியவில்லை. வீரியம் உள்ள எதையும் முதலில் போடக்கூடாது. கொத்தமல்லி, ஏலக்காய், பச்சைக் கற்பூரம் எல்லாம் இறக்கும்போதுதான். தளதளவென்று கொதிக்கும்போது போட்டால் அத்தனையும் ஆவியாகப் போய்விடும். ஜுரம் இப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருக்கிறது. அடங்கட்டும். இறக்கும் சமயம் பார்த்து மாத்திரையைத் தூவிக்கொள்வேன்.

நவம்பர் 5, புதன்

நல்ல கொதி. "மாத்திரை போட்டுண்டேளா?" என்று கோமளா கேட்டாள். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவள் பார்க்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மிளகு, சுக்கு, சித்தரத்தை போட்டுக் கஷாயம். மாத்திரைப் பட்டை பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அவரும் அவசரப்படவில்லை.

நவம்பர் 8, சனி

காலையில் தொட்டுப் பார்த்தேன். கொதி அடங்கி வருகிறது. பதம் இதுதான். முதல் மாத்திரை காபியோடு. சாயங்காலம் இரண்டாவது. இரவு ஜுரம் துப்புரவாக விட்டுவிட்டது! டாக்டர் சொன்ன நாளில் போட்டிருந்தால் இந்த வேகம் கிடைத்திருக்குமா? எதற்கும் நேரம் காலம் உண்டு. அபியிடம் போனில் சொல்லவில்லை. எலிகளிடம் கற்ற பெண்ணுக்கு இது புரியாது.

நவம்பர் 11, செவ்வாய்

உடம்பு தேவலை. காபிப்பொடிக் கடைக்காரன் ஏமாற்றுகிறான். டிகாஷன் பார்க்கக் கறுப்பாக இருக்கிறது, வாசனை என்று மருந்துக்கும் இல்லை. புளியங்கொட்டையைக் கலக்கிறான் என்றேன். "நன்னாத்தானே இருக்கு" என்றாள் கோமளா. அவளுக்கு எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

நவம்பர் 12, புதன்

கல்யாணத்துக்குப் பெருங்காயம் பார்க்கக் கடைத்தெருவுக்குப் போனேன். ராஜமாணிக்கம் செட்டியார் மூன்று தினுசு எடுத்துப் போட்டார். மூன்றும் வெறும் மைதா மாவு. "செட்டியார்வாள், பரம்பரைக் கடை, இப்படிப் பண்ணலாமா?" என்றேன். அவர் கட்டியை என் மூக்கருகே நீட்டி, "சாமி, கடைக்குள்ள நிக்க முடியலன்னு பக்கத்துத் துணிக்கடைக்காரரு சண்டைக்கு வர்றாரு. நீங்க வாசனை இல்லேங்குறீங்களே" என்றார். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. உண்மையைச் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்?

நவம்பர் 13, வியாழன்

காலம் கெட்டுத்தான் போய்விட்டது. கொத்தமல்லி வெறும் புல். எலுமிச்சம்பழம் வெறும் ரப்பர் பந்து. கற்பூரத்தில் மெழுகைக் கலக்கிறார்கள். கோமளா தலையில் வைத்திருந்த மல்லிகையைக் காகிதப்பூ என்று நினைத்தேன், தொட்டால் ஈரமாக இருக்கிறது. நாட்டில் ஒரு பொருளுக்காவது வாசனை இருக்கிறதா? யாராவது இதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

அடுப்படியில் உட்கார்ந்து கல்யாண மெனு எழுதிக்கொண்டிருந்தேன். கோமளா கொல்லையிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "ஏன்னா, பால் தீய்ஞ்சு தெருவே நாறறது. பக்கத்துல உக்காண்டிருக்கேளே!" என்றாள். மெனு எழுதும்போது எனக்கு உலகம் தெரியாது என்றேன். அவள் கரிந்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தாள். ஒரு படி பால் போனதற்கு இத்தனை வருத்தமா?

நவம்பர் 15, சனி

அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை முழுசாக விட்டு உறிஞ்சினேன். தும்மல் வந்தது. வாசனை வரவில்லை.

டப்பாவும் பழசு.

நவம்பர் 16, ஞாயிறு

குத்தாலத்தில் ஒரு சீமந்தம். சின்னக் கூட்டம். சாம்பார் கொதித்தபோது வழக்கம்போல் கண்ணை மூடிக் குனிந்தேன். சூடு மட்டும் முகத்தில் பட்டது. அண்டாவில் சாம்பார் கொதிக்கிறதா, வெந்நீர் கொதிக்கிறதா என்று தெரியவில்லை. பயந்துபோனேன், எழுதுவதில் என்ன வெட்கம்? ஆனால் என் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

"ரெண்டு கை உப்பு" என்றேன், கம்பீரமாகத்தான். தண்டபாணி என்னிடம் இருபது வருஷமாக இருக்கிறவன். "ஆகட்டும் அண்ணா" என்று உப்புத் தொட்டிப் பக்கம் போனான். எத்தனை கை போட்டான் என்று நான் பார்க்கவில்லை, அவன் முதுகுதான் தெரிந்தது. சாப்பிட்டவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். மூக்கு போனாலும் கை போகவில்லை என்று அர்த்தம். மூக்கு போகவில்லை. அடைத்துக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 19, புதன்

சம்பந்தி வந்துவிட்டுப் போனார். பலகாரப் பேச்சு முடிந்து பெருங்காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வடக்கேயிருந்து தனக்கு நேராகச் சரக்கு வருகிறது என்று அளந்துகொண்டிருந்தவர், மடியிலிருந்து ஒரு வெள்ளி டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார். சோதனை! எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக முகர்ந்தேன். "பால் பெருங்காயம். காபூல் சரக்கு. ஆனால் ஒரு வருஷம் பழசு" என்று அடித்துவிட்டேன்.

அவர் டப்பாவை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "பேஷ், பேஷ். உங்க மூக்கே மூக்கு, சம்பந்தி" என்றார். பிறகு அந்த டப்பாவிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்து, வெற்றிலையில் வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பெருங்காயத்தை வெற்றிலையோடு மெல்கிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன். கும்பகோணத்தில் வாயுத் தொல்லை ஜாஸ்தி போலிருக்கிறது.

கோமளா மட்டும் அவர் போனதும் சமையலறைக்குள் போய்த் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பெண்ணைப் பிரியப்போகிற துக்கம்.

நவம்பர் 22, சனி

அபி வந்துவிட்டாள். வந்து கைகால் அலம்பிய அடுத்த நிமிஷம், "அப்பா, கண்ணை மூடு" என்றாள். மூக்குக்குக் கீழே எதையோ காட்டினாள்.

"என்ன இது?"

"எலுமிச்சம்பழம்."

"இது?"

"கிராம்பு."

"இது?"

"பச்சைக் கற்பூரம். போதுமா?"

கண்ணைத் திறந்தேன். அவள் கையில் ஒன்றுமே இல்லை. மூன்று தடவையும் வெறும் விரலைத்தான் காட்டியிருக்கிறாள்.

அவள் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. மாத்திரையை எப்போது ஆரம்பித்தேன் என்று கேட்டாள். சொன்னேன். ஏன் என்று கேட்டாள். கொத்தமல்லி நியாயத்தைச் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, இது கொத்தமல்லி இல்லை, கடுகு. எண்ணெய் காய்ஞ்சிருக்கறச்சே போட்டாத்தான் வெடிக்கும். நீ எண்ணெய் ஆறினப்புறம் போட்டிருக்கே."

"ஜுரம் விட்டுதே?"

"அது தானா விட்டிருக்கும்ப்பா. வைரஸ் மூக்குக்குள்ள பண்ண வேண்டியதைப் பண்ணிட்டுக் கிளம்பற நேரத்துல நீ வழியனுப்ப மாத்திரை போட்டிருக்கே."

"நான் எந்த எலி?"

"லேட் எலி."

பெற்ற பெண். பல்லைக் கடித்துக்கொண்டு, வாசனை திரும்பி வருமா என்று கேட்டேன். "உடனே போட்டிருந்தாக்கூட நிச்சயமா தப்பிச்சிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா சான்ஸ் ஜாஸ்தி. அந்தச் சவ்வு மறுபடியும் வளரும்ப்பா. நிறையப் பேருக்குத் திரும்பி வந்திருக்கு. ஆனா மாசக் கணக்காகும்" என்றாள். தினமும் காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை, சந்தனம் என்று முகர்ந்து மூக்குக்கு அப்பியாசம் பண்ண வேண்டுமாம். அம்பத்தெட்டு வயசில் அரிச்சுவடி.

கல்யாணம் வரும் வியாழன். மாதக் கணக்குக்கு நான் எங்கே போவேன்? வாஞ்சிநாதன் உட்காரும் பந்தியில் உப்பில்லாமலோ உப்புக் கரித்தோ போனால், அபிக்குத்தான் அது ஆயுசுக்கும் பேச்சு. புக்ககத்தில் ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்லிக் காட்டமாட்டார்களா?

"அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றேன். "சொல்லலைப்பா" என்றாள், சிரிக்காமல்.

நவம்பர் 23, ஞாயிறு

தண்டபாணியை விட்டு ருசி பார்க்கச் சொல்லலாமா? நைவேத்யத்துக்கு முன்னால் எச்சில். அதுவும் என் பெண் கல்யாணத்தில்! மாட்டவே மாட்டேன். நைவேத்யம் ஆன பிறகு பார்க்கலாம் என்றால், எல்லாச் சமையலும் முடிந்து ஒரே தடவையாகத்தானே நைவேத்யம்? அடுத்த நிமிஷம் பந்தி. உப்புப் போட நேரம் ஏது?

கிராம்பு முகர்ந்தேன். குச்சி.

நவம்பர் 24, திங்கள்

பல் தேய்க்கும்போது வந்தது யோசனை! எல்லாம் முடிந்து ஒரே தடவைதான் நைவேத்யம் செய்ய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? சாம்பார் கொதிக்கும்போதே ஒரு கிண்ணம் எடுத்துப் பிள்ளையாருக்குக் காட்டினால், அந்தக் கிண்ணம் பிரசாதம். பிரசாதத்தை யார் வேண்டுமானாலும் வாயில் போடலாம். போட்டவர் முகத்தை நான் பார்க்கலாம். ரசத்துக்கு ஒரு நைவேத்யம், கூட்டுக்கு ஒரு நைவேத்யம். நியமத்துக்கும் பங்கம் இல்லை.

யார் வாங்கிக்கொள்வது? சமையற்கட்டில் உள்ள ஆள் என்றால் சந்தேகம் வரும். கோமளாவிடம், "பெண்ணைப் பெத்தவள் கையில பிரசாதம் கொடுத்துண்டே சமைச்சா விசேஷமாம், வாத்தியார் சொன்னார்" என்றேன். "சரின்னா" என்றாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. முப்பது வருஷமாக ஒரு கல்யாணச் சமையற்கட்டுக்குள்ளும் நான் அவளை விட்டதில்லை. அதனால் அங்கே நடப்பதெல்லாம் அவளுக்கு வழக்கமோ விசேஷமோ தெரியாது. இவ்வளவு சுலபமாக ஏமாறுவாள் என்று நான் நினைக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே கோட்டை அடுப்பு பற்ற வைத்தாயிற்று. அடுப்புக்குப் பக்கத்தில் மனைப்பலகையில் மஞ்சள் பிள்ளையார். நான் பஞ்சகச்சத்தோடு, பெண்ணின் தகப்பன் கோலத்தில், கையில் மணி. சாம்பார் கொதித்தது. வெண்கலக் கிண்ணத்தில் எடுத்து, தீர்த்தம் சுற்றி, மணியை அடித்து, "கோமளா, பிரசாதம்!" என்று குரல் கொடுத்தேன். மடிசாரை இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். உள்ளங்கையில் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் புருவத்தையே பார்த்தேன்.

"பிள்ளையார் இன்னும் அரைக் கை உப்பு கேக்கறார்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்டபாணி திரும்பிக்கூடப் பார்க்காமல் அரைக் கை போட்டான்.

ரசத்துக்கு மணி. "பிள்ளையாருக்குப் புளிக்கறதாம். கொஞ்சம் பருப்புத் தண்ணி விடச் சொல்றார்." கூட்டுக்கு மணி. "திருப்தியாம்." மோர்க்குழம்புக்கு மணி. "உப்புப் பக்கமே போகாதீங்கோங்கறார்." அவள் குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. எங்கே படித்தாள் இதையெல்லாம்? மேடையிலிருந்து வாத்தியார், "ஓய், கன்யாதானத்துக்கு நாழியாறது. அங்க என்ன கும்பாபிஷேகமா நடக்கறது?" என்று கத்தினார்.

மணிச் சத்தம் கேட்டுச் சம்பந்தி சமையற்கட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். பிள்ளையாரைப் பார்த்தார், கிண்ணங்களைப் பார்த்தார், கோமளாவைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, உங்காத்துப் பிள்ளையாருக்கு இன்னிக்கு இத்தனை பசி?"

"பெண் கல்யாணமோன்னோ, ராத்திரியிலேர்ந்து உபவாசம் இருந்துட்டார்" என்றேன்.

"இருக்கட்டும், இருக்கட்டும். பாயசத்துக்கு மட்டும் ரெண்டு தடவை காட்டிடுங்கோ. அவருக்குச் சர்க்கரை பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஓடிப்போய் மேடையில் உட்கார்ந்தேன். அபி என் மடியில் உட்கார்ந்தாள். பிறந்த புதிதில் அவளைக் குளிப்பாட்டி என் மடியில்தான் போடுவார்கள். தலையில் சாம்பிராணிப் புகை மணக்கும், அந்த மணத்துக்காகவே கீழே விடமாட்டேன். நேற்று அவள் தலை கொள்ளாமல் மல்லிகையும் மருக்கொழுந்தும். என் மூக்குக்கு நேர் எதிரே. குனிந்து மூச்சை இழுத்தேன். ஒன்றுமே இல்லை. கெட்டிமேளம் கொட்டும்போது விம்மி அழுதுவிட்டேன். பெண்ணைப் பிரியும் துக்கம் என்று எல்லோரும் தேற்றினார்கள். அது பாதி.

பந்தி நடக்கும்போது நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். சம்பந்தி குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறார். நல்லதா கெட்டதா தெரியவில்லை. அப்போது தண்டபாணி வந்து காதில் சொன்னான்:

"அண்ணா, மோர் ரெண்டு அண்டா அப்படியே நிக்கறது. யாரும் கேக்கலை."

என் பந்தியில் மோர் மிஞ்சுவதா? போச்சு, மானம் போச்சு. சமையல் பிடிக்கவில்லை. அபியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டேன்.

வாஞ்சிநாதன் கையலம்பிவிட்டு நேராக என்னிடம் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நிச்சயதார்த்தத்துக்கு முந்தின குரலில் பேசினார்.

"ஓய் பஞ்சாமி! முப்பது வருஷமா உம்ம சமையலை ஊர் ஊராப் போய்ச் சாப்பிட்டிருக்கேன். பக்குவத்துல உம்மை அடிச்சுக்க ஆள் கிடையாது. உப்பு மட்டும் எப்பவும் ஒரு பிடி ஜாஸ்தி. ஜனங்க அண்டா அண்டாவா மோர் குடிச்சதே அதனாலதான். எனக்கு இத்தனை வருஷமாத் தொழில் நடந்ததும் அந்த ஒரு பிடியாலதான் ஓய். இன்னிக்கு அதையும் எடுத்துட்டீரே, நான் எங்க போவேன்?"

என் தோளைத் தட்டிவிட்டு, மடியிலிருந்து அந்த வெள்ளி டப்பாவை எடுத்தார். "காபூல் சீவல் போட்டுக்கறீரா?" என்றார். பெருங்காயமே இல்லை, நெய்ச்சீவல் அது. அன்றைக்கும் அதுவேதான்.

நேரே சமையற்கட்டுக்குப் போனேன். தண்டபாணியைக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான்.

"அண்ணா கோவிச்சுக்கப்படாது. நீங்க நாலு கைன்னா நான் மூணுதான் போடுவேன். அப்பவும் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். உங்க மூக்குகிட்ட யார் போய்ச் சொல்றது?"

கோமளா முக்காலியில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"உனக்குமா தெரியும்?"

"ஆத்துல நீங்க சமைக்கற அன்னிக்கெல்லாம் நான் ரெண்டு தடவை மோர் சாதம் சாப்பிடுவேன். பார்த்ததில்லையா?" என்றாள். காலை மடக்கிக்கொண்டு, "மூக்கு போன விஷயமும் பால் தீய்ஞ்ச அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"ஏன் சொல்லலை?"

"நீங்களா சொல்வேள்னு இருந்தேன். குத்தாலத்துலேர்ந்து வந்து பயந்துபோய் உக்காண்டிருந்தேளே, அதைப் பார்த்தப்புறம் என்ன கேக்கறது?"

கோபம்தான் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இலை போட்டு அவளை உட்காரவைத்து நானே பரிமாறினேன். கல்யாணச் சமையற்கட்டில் அவளுக்கு நான் முதல்முதலாகப் பரிமாறியது நேற்றுதான். சாம்பார் சாதம் முடித்து, ரசம் சாதம் முடித்து, மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 19, வெள்ளி

மார்கழி. கல்யாணம் கிடையாது. காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். சைக்கிள் டியூபைக் கொளுத்தின நாற்றம்! கத்திவிட்டேன். பிறகுதான் உறைத்தது, நாற்றம் என்றால் நாற்றம் வருகிறது என்றுதானே அர்த்தம்? அபிக்குப் போன் போட்டேன். துள்ளினாள். புதுச் சவ்வு முளைக்கும்போது முதலில் தப்புத் தப்பாகத்தான் சேதி அனுப்புமாம். விடாமல் முகரச் சொன்னாள். சந்தனம் வெங்காயமாக மணக்கிறது, கிராம்பு மண்ணெண்ணெயாக மணக்கிறது. பூஜை அறையில் உட்கார்ந்து மண்ணெண்ணெயை ஆனந்தமாக முகர்ந்துகொண்டிருந்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

தையில் வரிசையாகக் கல்யாணங்கள். கோமளா தனக்கென்று ஒரு துண்டும், மடக்கு முக்காலியும் வாங்கி வைத்திருக்கிறாள். முதல் கல்யாணம் பாண்டிச்சேரியில். அவள் இதுவரை பாண்டிச்சேரி பார்த்ததில்லையாம். அடுத்தது மதுரை. அதுவும் பார்த்ததில்லையாம். நான் எல்லா ஊரையும் பார்த்திருக்கிறேன், சமையற்கட்டு ஜன்னல் வழியாக.

ஜனவரி 28, புதன்

பாண்டிச்சேரி. நேற்று சாயங்காலம் கடற்கரையில் கோமளா புடவையை நனைத்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலை முகூர்த்தச் சமையல். தண்டபாணி சாம்பாரைக் கிளறினான். பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக் குனிந்தேன். வந்தது! புளி, வெந்தயம், பெருங்காயம், ஒன்றன் பின் ஒன்றாக, அதனதன் இடத்தில், துளி பிசகில்லாமல். கண்ணில் நீர் முட்டிவிட்டது. புகை என்று துடைத்துக்கொண்டேன். மூக்கு பழைய அதிகாரத்தோடு, இன்னும் ஒரு கை உப்பு என்றது. கை தானாக உப்புத் தொட்டிக்குப் போயிற்று.

அதற்குள் கோமளா முக்காலியிலிருந்து எழுந்து வந்து, "மணி அடிக்கலையா?" என்றாள். அடித்தேன். உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கு. தொடாதீங்கோ" என்றாள். தொட்டியிலிருந்து கையை எடுத்து, ஒட்டியிருந்த உப்பை வேஷ்டியில் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அபி போன் பண்ணினாள். "அப்பா, சரியான வாசனை ஏதாவது வந்துதா?"

கோமளா எதிரே தண்டபாணியிடம் பாயசத்துக்கு ஏலக்காய் எவ்வளவு என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் "சரி மாமி, சரி மாமி" என்று கைகட்டி நின்றான்.

"இன்னும் இல்லைம்மா" என்றேன்.

போனை வைத்ததும் கோமளா என் பக்கத்தில் வந்து நின்றாள். கொத்தமல்லியை அப்போதுதான் கிள்ளிப் போட்டிருந்தார்கள். "பாவம், உங்களுக்கு இது தெரியலையே" என்றாள்.

"எப்படி இருக்கு? சொல்லு, கேப்போம்" என்றேன்.

அவள் அண்டாவின் மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.